பன்னிரண்டாம் எண் நாரை

திருத்தணியிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அரை நாள் வேலை. அப்படியிருந்தும் எங்கள் கால்நடை மருத்துவமனையின் எல்லைக்குள் ஒரு தீவு இருப்பதாக அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏற்றியது நான்தான்.

அங்கே எனக்கு ஆய்வக வேலை. மாட்டுச் சாணத்தில் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது, காய்ச்சல் கண்ட ஆட்டின் இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்ப்பது, செத்த கோழியோடு வருகிறவர்களுக்கு அது ஏன் செத்தது என்று சொல்வது. இதோடு, வருகிற படிவங்களை நிரப்புவதும் என் தலையில்தான் விழும். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று யாரோ ஒருமுறை சொல்லிவிட்டார்கள். அதோடு மாட்டிக்கொண்டேன்.

ஒரு மழைக்காலம் முடிந்து வந்த நீளமான படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. தங்கள் எல்லையில் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி உண்டா, ஆம் அல்லது இல்லை. அந்த மழையில்தான் பக்கத்து ஏரியின் நடுவே இருக்கும் மண் திட்டில் ஏழெட்டு ஆடுகள் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கத்திக்கொண்டிருந்தன. ஆடு மாட்டினால் எப்படி மீட்பது என்பதற்காகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். 'ஆம்' என்பதில் டிக் அடித்தேன். எத்தனை என்று கேட்டிருந்தது. ஒன்று என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு தை மாதம், ஆந்திரா பக்கம் கோழிகள் செத்துக்கொண்டிருப்பதாகப் பேச்சு வந்தது. எல்லையில் வண்டிகளை நிறுத்தி மருந்து அடித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்களுக்கு அந்தக் கடிதம் வந்தது. தீவுகளில் வாழும் காட்டுப் பறவைகளின் இரத்தத்தைப் பரிசோதித்து வைரஸ் நோய்களைக் கண்டறியும் பணி. தங்கள் எல்லைக்குட்பட்ட தீவிலிருந்து இருபது பறவைகளின் மாதிரிகளை எடுத்து அனுப்பவும்.

எங்கள் டாக்டர் தெற்கே கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பெண். வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. தீவு என்றால் என்னவென்று எங்களில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இங்கே தீவு எதுவும் இல்லை என்று மரியாதையாக ஒரு பதில் எழுதி அனுப்பினார். பத்து நாளில் திரும்பி வந்தது. என் கையெழுத்திலிருந்த பழைய படிவத்தின் நகலை அதோடு சேர்த்து வைத்து, நான் அடித்த டிக்கைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

டாக்டர் அதை என் மேசையில் வைத்தார். நான் ஆடுகளைப் பற்றிச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"சரிக்கா. ஆட்டுக்குத் தீவுன்னா பறவைக்கும் தீவுதான்," என்றார். "போயிட்டு வந்துருவோம்."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் திட்டு முழுக்கக் கருவேல மரங்கள். ஒவ்வொரு வருஷமும் மழை முடிந்ததும் நத்தைகுத்தி நாரைகள் நூற்றுக்கணக்கில் வந்து கூடு கட்டும். கூடவே கொக்கும் நீர்க்காகமும். அந்தப் பறவைகள் இறங்கி மேய்கிற வயல்களில்தான் ஊர்க் கோழிகளும் மேய்கின்றன. நோய் ஒன்று வருவதாக இருந்தால் அந்த வழியாகவும் வரலாம். எழுதியவர் தீவு என்றாரோ திட்டு என்றாரோ, இரத்தத்தைப் பார்ப்பது வீண் வேலையில்லை.

படிவம்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. தீவின் பெயர் என்று ஒரு கட்டம். அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவரிடம் கேட்டேன். "அத்த திட்டுன்னுதாங்க சொல்வோம்," என்றார். திட்டுத் தீவு என்று எழுதினேன். கடல் சீற்றம் இருக்கும் மாதங்கள் என்ற இடத்தில் டாக்டர் ஒரு கோடு போட்டார். அருகிலுள்ள துறைமுகம் என்ற இடத்தைக் காலியாக விட்டோம். நிரப்பி அனுப்பும்படி படிவம் திரும்பி வந்தது.

அன்று மாலை பொதட்டூர்பேட்டைக்குப் போய் என் அப்பா, நைனாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். நைனா தறியில் உட்கார்ந்திருந்தார். கையை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, அரக்கோணம்னு எழுதேன் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அங்க கடலா கீது? ஆனா கடற்படைக்காரங்க ஏரோப்ளேன் வச்சிக்கினு இருக்காங்க இல்ல?"

அரக்கோணம் என்று எழுதி அனுப்பினேன். படிவம் திரும்பி வரவில்லை.

அடுத்த சிக்கல், பறவையைப் பிடிப்பது யார் என்பது. டாக்டருக்கு மாடு தெரியும், நாய் தெரியும். எனக்குக் கோழி வரை தெரியும். ஒரு நாரையின் அலகு முழங்கையில் பாதி நீளம் இருக்கும். வனத்துறை அனுமதிக் கடிதத்தில், பறவைக்கு எவ்விதத் துன்பமும் நேரக்கூடாது என்று எழுதியிருந்தது. எங்களுக்கு நேரலாமா என்பது பற்றி ஒன்றும் இல்லை.

மார்க்கெட் பக்கம் கோழிக்கடை வைத்திருக்கும் பாய், அந்த நாட்களில் தினமும் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, சத்தமே போடாத ஆள். பறவைக் காய்ச்சல் பேச்சு கிளம்பியதிலிருந்து அவர் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டினார். கூண்டு நிறையக் கோழிகள் தின்று தின்று பெருத்துக்கொண்டிருந்தன. தன் கோழிகளுக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு காகிதம் வேண்டும் என்பார். அப்படி ஒரு காகிதத்தை எங்களால் கொடுக்க முடியாது என்று டாக்டர் தினமும் சொல்வார். அவரும் தினமும் சரிங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் வருவார். ஒரு நாள் அவர் கோழிகளில் சிலவற்றின் இரத்தம் எடுத்தோம். அப்போதுதான் அவர் பிடிக்கிற அழகைப் பார்த்தேன். கத்திக்கொண்டிருக்கும் கோழியை அவர் கையில் எடுத்த உடனே, அது ஏதோ யோசனை வந்தது போல அமைதியாகிவிடும்.

டாக்டரும் அதைப் பார்த்திருந்தார். திட்டுக்கு வர முடியுமா என்று அவரிடம் கேட்டார். பாய் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார்.

"நாரைங்களோட எனக்குப் பழக்கம் இல்லீங்களே, மேடம்."

பழகிக்கொள்ளலாம் என்று சொன்னோம். கடையில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதற்கு இது மேல் என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். வந்தார்.

ஏரியில் படகு கிடையாது. மீன்காரரிடம் இருந்தது தெர்மாகோல் மிதவை. பிரிட்ஜ், டிவி வந்த பெட்டிகளில் இருக்கும் தெர்மாகோலையெல்லாம் சேர்த்து, பழைய வலையில் சுற்றிக் கட்டியது. துடுப்புக்கு இரண்டு பிளாஸ்டிக் தட்டு. ஒரு நடைக்கு இரண்டு பேர்தான் என்றார். விடிந்த கையோடு நாங்கள் கரையில் போய் நின்று, சென்னையிலிருந்து அனுப்பியிருந்த வெள்ளைப் பாதுகாப்பு உடைகளை மாட்டிக்கொண்டோம். தலை முதல் கால் வரை மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்கு முகமூடி. வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மறுபடியும் கொரோனாவா என்று ஒருவர் கேட்டார். இல்லை, நாரைக்கு இரத்தம் எடுக்கப் போகிறோம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நாரைக்கு யார் இரத்தத்தை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். வனக் காவலர் ஒருவரும் வந்திருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. அனுமதிக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்றார்.

முதல் நடையில் டாக்டரும் நானும் போனோம். மடியில் ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டி, அடியில் தெர்மாகோல், நடுவில் நாங்கள். மீன்காரர் தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் மிதவையைத் தள்ளிக்கொண்டே, கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தார். பாதி தூரம் போனதும், இவ்வளவு ஆழம்தானா, பிறகு எதற்கு மிதவை என்று கேட்டேன். நீங்கதான் தீவுன்னு சொன்னீங்க என்றார்.

திட்டில் காலை வைத்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. தரை முழுக்க எச்சம், சுண்ணாம்பு அடித்தது போல. காலடியில் நொறுங்கும் நத்தை ஓடுகள். மேலே ஆயிரம் பேர் மரக்கட்டையைத் தட்டுவது போல அலகுச் சத்தம். பெரிய பறவைகள் எல்லாம் எழுந்து தலைக்கு மேல் சுற்ற ஆரம்பித்தன. எங்களுக்கு வேண்டியது இன்னும் பறக்கப் பழகாத, வளர்ந்த குஞ்சுகள். தாழ்ந்த கிளைகளில் இருக்கும் கூடுகளில் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றன. குஞ்சு என்று பெயர்தானே தவிர, எங்கள் முழங்காலுக்கு மேல் உயரம் இருக்கும்.

பயந்தால் நாரைக் குஞ்சு தின்றதைக் கக்கிவிடும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். டாக்டரிடம் சொல்ல மறந்துவிட்டேன். முதல் குஞ்சு, அவர் கழுத்தை நீட்டிப் பார்த்தபோது, அரை டம்ளர் நத்தைக் கூழை அவர் கண்ணாடி மேல் கக்கியது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது, மூன்றாவது குஞ்சுகளும் அதையே செய்தன.

கிளையிலிருந்து இறக்கிய குஞ்சை இறக்கை அடிக்காமல் எப்படிப் பிடிப்பது என்று நாங்கள் திணறியபோது, எனக்குப் பையிலிருந்த லுங்கி ஞாபகம் வந்தது. துடைக்க வேண்டியிருக்கும் என்று நைனா கொடுத்தனுப்பியது. மூட்டின லுங்கி, குழாய் மாதிரி இருக்கும். குஞ்சை அதற்குள் விட்டுத் தலையை மேல்பக்கம், ஒரு இறக்கையை மட்டும் வெளியே எடுத்துச் சுருட்டினால் அசைய முடியாது. நீலக் கட்டம் போட்ட லுங்கிக்குள் ஒரு நாரை, கையில் குழந்தை போல உட்கார்ந்து எங்களை வெறித்துப் பார்த்தது. இரண்டாவது நடையில் வந்து சேர்ந்த பாய் அதைப் பார்த்துவிட்டு, நல்லாக்கீதுங்க என்றார்.

அவர் வந்த பிறகு வேலை ஓடியது. கையுறை போட்டால் பறவையின் நெஞ்சு அடிப்பது தெரியவில்லை என்று இடது கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டார். டாக்டர் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். குஞ்சை மடியில் வைத்து, இறக்கையை விரித்துத் தன் மணிக்கட்டின் மேல் போட்டுக்கொள்வார். இறக்கையின் உள்பக்கம், மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு நரம்பு நீலமாகத் தெரியும். டாக்டர் அதில் ஊசி போட்டு ஒரு மில்லி எடுக்க வேண்டும். நான் குழாயில் ஊற்றி எண் எழுதுவேன்.

ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுக்கும்போது பாயின் வாய், கோழி அறுக்கும்போது சொல்கிற பிஸ்மில்லாவைச் சொன்னது. மூன்றாவது முறை அவரே அதைக் கவனித்துவிட்டுத் திடுக்கிட்டார்.

"முப்பது வருசமா இறக்கையில கை வச்சா வாய் தானா சொல்லிடுதுங்க," என்றார். பிறகு லுங்கிக்குள் இருந்த குஞ்சைப் பார்த்து, "உனக்கு இல்லப்பா," என்றார்.

அந்தக் குஞ்சைத் திரும்பக் கூட்டில் ஏற்றி வைத்தபோது, அது கிளையைப் பிடித்துக்கொண்டதா என்று அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் எடுத்த பறவையைத் திருப்பி வைத்துப் பழக்கமே இல்லை என்று சொன்னார். அதை யாரிடமும் சொல்வது போலச் சொல்லவில்லை.

டாக்டருக்கு அன்று ஊசி சரியாக அமையவில்லை. குஞ்சுகளின் நரம்பு மெல்லியது, தொட்டால் நழுவியது. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தடவை முயன்று, கால் மில்லி, அரை மில்லி என்று சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. முகமூடிக்குள் அவர் பல்லைக் கடிப்பது எனக்குக் கேட்டது. பன்னிரண்டாவது குஞ்சில் மட்டும் ஊசி போன உடனே குழாய் சரசரவென்று நிறைந்தது. அடர்த்தியான, நல்ல இரத்தம். டாக்டர் காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தார்.

"பாருங்கக்கா, இது எவ்வளவு அழகா வருது," என்றார்.

பாய் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு டாக்டரின் கை நிதானப்பட்டுவிட்டது. மீதி எட்டும் வெயில் ஏறுவதற்குள் முடிந்தன.

மருத்துவமனைக்கு வந்து குழாய்களைச் சாய்த்து வைத்து, இரத்தம் உறைந்து மேலே தெளிந்த நீர் பிரியும் வரை காத்திருந்து, அதை வேறு குழாய்களுக்கு மாற்றினேன். நோய் வந்து போயிருந்தால் அதன் சுவடு அந்தத் தெளிந்த நீரில்தான் இருக்கும். உறைவதற்கு முன்பே ஒவ்வொன்றிலும் சொட்டு இரத்தத்தை இரண்டிரண்டு கண்ணாடித் துண்டுகளில் தடவியும் வைத்திருந்தேன். ஒரு செட் சென்னைக்கு, ஒரு செட் எங்களுக்கு. களைப்பில் எங்கள் செட்டை நான் பார்க்காமலேயே பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். அது என் தப்பு.

மறுநாள் கிருத்திகை. பெட்டியோடு நான் ஏறிய சென்னை ரயிலில், மலையிறங்கி வந்த கூட்டம் அடைத்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலைகளில் சந்தனம், மஞ்சள் துணி, மடியில் பஞ்சாமிர்த டப்பா. கதவோரம் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்த அம்மா, இறாலா என்று கேட்டார். கிருத்திகையும் அதுவுமாக இறால் கொண்டு வருகிறாள் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்று பயந்து, இல்லைம்மா, இரத்தம் என்று உண்மையைச் சொன்னேன்.

அந்த ஒரு சொல் பெட்டி முழுக்கப் பரவியது. நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். ஜன்னலோரம் உட்காரவைத்து, வெயில் படாமல் பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் துண்டைப் போட்டார்கள். ஒருவர் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொழைச்சிக்குமா, கண்ணு?" என்று கேட்டார்.

"நல்லாத்தான் இருக்காங்கம்மா. சந்தேகத்துக்கு டெஸ்ட் பண்றோம்," என்றேன்.

எத்தனை பேர் என்றார். இருபது பேர் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. பஸ் கவிழ்ந்துவிட்டதா என்று பின்னால் யாரோ கேட்டார்கள். நாரை என்று சொல்ல நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு வயதான மொட்டைத் தலைக்காரர் அந்த இருபது பேருக்காகவும் சேர்த்து அரோகரா போட, பெட்டியே அரோகரா போட்டது. சென்ட்ரலில் இறங்கியபோது இரண்டு இளைஞர்கள் முன்னால் ஓடி வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே போனார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக அந்த நிலையத்தை விட்டு நான் வெளியே வந்ததில்லை. செய்தது பொய்யா இல்லையா என்று ஆட்டோவில் யோசித்துக்கொண்டே போனேன். இருபது பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் வேண்டிக்கொண்டதில் தப்பு ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்து, முடிவுக்குப் பதில் ஒரு குறிப்பாணை வந்தது. திட்டுத் தீவு, மாதிரி எண் பன்னிரண்டு: சிவப்பணுக்களில் உட்கரு காணப்படவில்லை. விளக்கம் தேவை.

இதைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிய வேண்டும். கோழியோ கொக்கோ மயிலோ, எந்தப் பறவையின் இரத்தத்தை எடுத்தாலும் ஒவ்வொரு சிவப்பணுவின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். அதுதான் உட்கரு. மனிதனுக்கும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தப் புள்ளி கிடையாது. ஆகவே பன்னிரண்டாம் எண் நாரை ஒரு நாரை அல்ல. தீவில் பாலூட்டிகள் வாழ்கின்றனவா, அது பறக்கக்கூடியதா என்றும் கேட்டிருந்தார்கள். வௌவால் எனில் அதற்குத் தனிப் படிவம் உண்டு. அதையும் இணைத்திருந்தார்கள்.

நான் பெட்டியைத் திறந்து எங்கள் கண்ணாடித் துண்டைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். வட்ட வட்டமாக, புள்ளியே இல்லாத அணுக்கள். டாக்டரும் பார்த்தார். வௌவாலை நாங்கள் யாரும் தொடவில்லை. ஊசி பட்ட தழும்பு இருக்கிறதா என்று அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டேன். பிறகு இருவரும் மார்க்கெட்டுக்கு நடந்தோம்.

பாய் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். டாக்டர் கேட்டதும் அவர் மறைக்கவில்லை.

"அது என்னுதுதாங்க. ஊசி இறக்கைய தாண்டி வந்துடுச்சு."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று டாக்டர் கேட்டார். பறவையில் குத்திய ஊசி மனிதனுக்குள் போயிருக்கிறது. காய்ச்சல் வந்ததா, இருமல் வந்ததா, கண் சிவந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றும் இல்லை என்றார் பாய்.

"நீங்க காலையில இருந்து கஷ்டப்பட்டுக்கினு இருந்தீங்கம்மா. அப்பதான் நல்லா வருதுன்னு சிரிச்சீங்க. எப்படிச் சொல்றது? அதுவும் நான் அசைஞ்சா அது அசையும் இல்ல?"

டாக்டர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு பாயை எழுப்பி, அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நாரை குத்தியதா என்று அங்கே கேட்டார்களாம். இல்லை, நான் குத்தினேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாயின் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

விளக்கத்தை டாக்டர் உண்மையாகவே எழுதினார். பறவையைப் பிடித்திருந்தவரின் இரத்தம் தவறுதலாக எடுக்கப்பட்டது, அந்த மாதிரியை நீக்கவும். நீக்க முடியாது என்று பதில் வந்தது. இருபது என்று கணினியில் ஏறிவிட்டது, பத்தொன்பதை அது ஏற்காது. இனம் என்ற கட்டத்தில் தக்க திருத்தம் செய்யப்படும்.

பங்குனியில் முடிவு வந்தது. திட்டுத் தீவுப் பறவைகள் இருபதிலும் பறவைக் காய்ச்சலின் சுவடு இல்லை. மூன்று நாரைகளுக்கு மட்டும் வெள்ளைக்கழிச்சல் எப்போதோ வந்து போன அடையாளம் இருந்தது. நம் கோழிகளுக்கு வருகிற அதே நோய். வந்து, பிழைத்து எழுந்திருக்கின்றன. பறவைகள் எவை என்ற பட்டியலில் நத்தைகுத்தி நாரை பத்தொன்பது என்றும், அதன் கீழே மற்றவை ஒன்று என்றும் இருந்தது.

பாய்க்கு ஒரு நகல் கொடுத்தோம். அவர் தன் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, விரலை வைத்து, நோய் இல்லை என்ற இடம் வரை கோடு மாதிரி இழுத்துப் பார்த்தார். பிறகு அதை லேமினேட் செய்து, கல்லாவுக்கு மேலே மாட்டினார். கோழிக்குத்தான் சான்றிதழ் என்று வந்தவர்கள் நினைத்தார்கள். சிலர் கேட்டபோது, இல்லீங்க, இது எனக்குக் குடுத்தது என்று அவர் உள்ளதைச் சொன்னார். அதை யாரும் நம்பவில்லை. அந்தக் காகிதத்தால் வியாபாரம் திரும்பியது என்று சொல்ல மாட்டேன். ஜனங்கள் மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். யுகாதிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை முன்னால் பழையபடி கூட்டம் நின்றது.

அந்த வருஷமே டாக்டருக்குச் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் கிடைத்தது. அங்கே இருப்பது உண்மையான தீவுகள். ஒரு நாள் எனக்கு போன் செய்தார். பறவைகளுக்கு இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது, பிடிப்பதற்கு ஆள் சரியில்லை, பாயின் நம்பர் வேண்டும் என்றார். கொடுத்தேன். இந்த முறை இரண்டு கையிலும் கையுறை போட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டேன் என்றார்.

பாய் அங்கே கிளம்பிப் போன அந்த வாரம் நான் கறி வாங்கப் போனேன். கல்லாவில் பாயின் மனைவி உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைக் கையசைத்து வரிசையாக நிற்க வைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு வேகமாக வேலை நடந்துகொண்டிருந்தது. பாய் எப்போது வருவார் என்று கேட்டேன்.

"தெரிலம்மா. அவருக்கு இனிமே இந்தக் கடை சரிப்படாது," என்று சொல்லிவிட்டு, என் பையை வாங்கினார். "எடுத்த கோழியத் திரும்பக் கூண்டுக்குள்ளயே வுட்டுடறாரு."